மின் ஸ்கூட்டர் லித்தியம் பேட்டரி: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் முறை (சேலம், ஏற்காடு ஓட்டத்துக்கு)

48, 60, 72 வோல்ட் லித்தியம் பேக் போட்ட மின் ஸ்கூட்டர்களுக்கானது இது. வண்டியில் எது கெட்டாலும் "பேட்டரி போச்சு" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உருகிய கனெக்டரோ, தட்டிவிட்ட எம்.சி.பி.யோ (கரண்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்), ஐம்பது ரூபாய் ஃப்யூஸோ குற்றவாளியாக இருக்கும். இவையெல்லாம் வயர் கோளாறு. மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று ரசாயனக் கோளாறு. செல்லுக்குள் லித்தியம் சேரக்கூடாததோடு சேர்ந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் முதல் வேலை, கோளாறு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று பிரிப்பதுதான்.

மீட்டரை வைக்கும் முன்

மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். லித்தியம் பேக் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. சேலத்தில் வெள்ளிக் காப்பு இல்லாத கையைத் தேடத்தான் வேண்டும் என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீட்டரின் சிவப்பு வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். போன தடவை கரண்ட் அளந்துவிட்டு 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருந்தால், அதை அப்படியே பேட்டரி முனையில் வைப்பது நேரடி ஷார்ட். வோல்ட் துளைக்கு மாற்றி, டி.சி. 200 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள்.

அடுத்து, உங்கள் பேக் எந்த வகை என்று தெரிய வேண்டும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகைச் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட்; எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை 3.65 வோல்ட். சார்ஜர் லேபிளில் அவுட்புட் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 67.2 என்றால் 16 வரிசை (ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்த 16 செல் தொகுதி) என்.எம்.சி., 71.4 என்றால் 17 வரிசை, 84 என்றால் 20 வரிசை. 58.4 என்றால் 16 வரிசை எல்.எஃப்.பி., 73 என்றால் 20 வரிசை. குழப்புவது ஒன்றுதான்: 13 வரிசை என்.எம்.சி.க்கு 54.6, 15 வரிசை எல்.எஃப்.பி.க்கு 54.75. சார்ஜர் லேபிளை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது; பேக் மேலுள்ள லேபிளில் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

72 வோல்ட் பேக் முழு சார்ஜில் 84 வரை போகும். அந்த அளவு டி.சி. கையைப் பிடித்து இழுக்கும். ரப்பர் கையுறை இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

## அறிகுறி: வீக்கம், இனிப்பு வாசனை, சீறும் சத்தம், புகை

வேறு எந்தக் கோளாறுக்காகத் திறந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிட வேண்டும். முதலில் மூக்கு, அப்புறம்தான் மீட்டர்.

சீட்டைத் தூக்கியதும் நகப் பாலிஷ் ரிமூவர் போல இனிப்பும் காரமும் கலந்த வாசனை வந்தால், ஏதோ ஒரு செல் கசிந்திருக்கிறது. அது செல்லுக்குள் இருக்கும் திரவத்தின் வாசனை. அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் லித்தியம் உப்புக்குத் தண்ணீர் ஆகாது. காற்றின் ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும். அது ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து உள்ளே போய் வலிக்கும். பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, எரிச்சல் இல்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பேட்டரி அமிலம்" என்று சொன்னால் சாதாரண கந்தக அமிலம் என்று நினைத்துக்கொள்வார்கள். "ஹைட்ரோஃப்ளோரிக், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வேண்டும்" என்று பெயரோடு சொல்லுங்கள்.

வீக்கத்தைக் கண்ணால் பார்ப்பது எல்லா வண்டியிலும் முடியாது. உருளைச் செல் வீங்குவது வெளியே தெரியாது. உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி வழியே வாயுவை வெளியே விட்டுவிடும். பை போன்ற செல்லும் பெட்டிச் செல்லும்தான் உப்பும். தகரப் பெட்டிக்குள் இருக்கும் பேக்கில் அறிகுறி வேறு மாதிரி வரும். போன மாதம் வரை சுலபமாக உருவி எடுத்த பேக் இப்போது தட்டில் சிக்கும். மூடி ஸ்க்ரூ நான்கில் ஒன்று மட்டும் திருக முடியாமல் இறுகி நிற்கும். மூடியின் நடுவில் இரும்பு ஸ்கேலை வைத்தால் தொட்டில் போல இரண்டு பக்கமும் ஆடும்.

என்ன செய்வது:

1. சார்ஜரைச் சுவரில் அணையுங்கள். வண்டிப் பக்கம் பிடுங்கப் போகாதீர்கள்.
2. பேக் குளிர்ந்திருந்து, கைப்பிடியோடு கழற்றக்கூடியதாக இருந்தால், வெளியே சிமெண்டுத் தரையிலோ செங்கல் மேலோ, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி வையுங்கள். சூடாக இருந்தாலோ சீறினாலோ தொடவே கூடாது. ஆட்களைத்தான் நகர்த்த வேண்டும்.
3. ஓர் இரவாவது அங்கேயே கிடக்கட்டும். காரில் போட்டுக்கொண்டு மலை இறங்கி சர்வீஸுக்குக் கொண்டுபோகும் யோசனை வேண்டாம்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது முதலாவது. உள்ளே முழு சார்ஜில் இருக்கும் கிராஃபைட்டில் உள்ள லித்தியம், உலோக லித்தியத்துக்குச் சளைத்ததல்ல. காற்றும் ஈரமும் பட்டால் சூடேறும், ஊசி உள்ளே ஷார்ட் செய்தால் அந்த நிமிடமே பற்றும். இரண்டாவது, உப்புத் தண்ணீரில் போடுவது. சார்ஜ் மெல்ல இறங்கிவிடும் என்று இணையத்தில் பரவலாகச் சொல்கிறார்கள். நடப்பது வேறு: செல்லின் முனைகள் முதலில் அரித்துப் போகும், தொடர்பு அறுந்துவிடும், ஹைட்ரஜன் குமிழி வந்துகொண்டே இருக்கும். உள்ளே சார்ஜ் அப்படியே இருக்க, செத்துவிட்டது என்று நினைத்து எடுப்பீர்கள்.

தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112. தண்ணீர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லித்தியமும் தண்ணீரும் சேர்ந்தால் எரியும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வருகிறது. படித்தது சரிதான்: உலோக லித்தியம் தண்ணீரோடு சேர்ந்தால் லித்தியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜனும் வரும். ஆனால் ஸ்கூட்டர் பேக்கில் லித்தியம் கட்டி உலோகமாக இல்லை; கிராஃபைட்டுக்குள்ளும் ஆக்சைடு அல்லது பாஸ்பேட்டுக்குள்ளும் பரவி உட்கார்ந்திருக்கிறது. அங்கே பெரிய எதிரி சூடு. ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவாமல் தடுக்க நிறையத் தண்ணீர்தான் வேண்டும். ஒரு வாளி போதாது. ஹோஸ் வைத்துத் தொடர்ந்து அடிக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகு, தள்ளி நின்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் பவுடர் சிலிண்டரும் சுடரை அடக்கும், சூட்டைத் தணிக்காது. சில மணி நேரம் கழித்துக்கூட மறுபடி பற்றும். வீட்டுக்குள் வெள்ளைப் புகை கிளம்பினால் அணைக்க நிற்காதீர்கள். அந்தப் புகை நச்சு, தீப்பிடிக்கவும் கூடியது.

உலோக லித்தியம் எரிந்தால் கதை தலைகீழ். அங்கே தண்ணீரும் ஆகாது, கார்பன் டை ஆக்சைடும் ஆகாது, காற்றில் உள்ள நைட்ரஜனோடுகூட அது சேரும். கிராஃபைட் பவுடர் மாதிரி உலர்ந்த பொடிதான் போட வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக்கு வெளியே அந்த நிலைமை வருவது அரிது.

## அறிகுறி: சாவி போட்டால் எதுவுமே எரியவில்லை

எளியதிலிருந்து போங்கள்.

எம்.சி.பி. சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் இடத்திலோ இருக்கும். பள்ளத்தில் குதித்ததும் தானாக விழுவது உண்டு. மேலே தூக்குங்கள். மறுபடி உடனே விழுந்தால் எங்கோ ஷார்ட். மூன்றாவது தடவை தூக்காதீர்கள்.

பேட்டரி கனெக்டர். பேக் கழற்றும் வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம். நன்றாக அழுத்திச் செருகியும் வரவில்லை என்றால் கழற்றிப் பின்னைப் பாருங்கள்.

பேக் முனையில் வோல்ட். இங்கே பாதை மூன்றாகப் பிரியும்.

— வோல்ட் சரியாக இருந்தால் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாவி வயர், ஃப்யூஸ், டி.சி. கன்வெர்ட்டர் (பேக் வோல்ட்டை விளக்கு, ஹாரனுக்காக இறக்கிக் கொடுப்பது) என்று போங்கள். கன்வெர்ட்டர் அவுட்புட்டில் 12 முதல் 13 வோல்ட் வர வேண்டும். உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை என்றால் கன்வெர்ட்டர் மாற்றம்.

— பூஜ்யமோ, ஐந்து பத்து வோல்ட்டோ காட்டினால் பேட்டரி செத்ததாக முடிவு கட்டாதீர்கள். பேக்குக்குள் செல்களைக் காவல் காக்கும் மின்னணு அட்டையான பி.எம்.எஸ். கதவைச் சாத்தியிருக்கலாம். அப்போது வெளி முனையில் பொய் வோல்ட் தெரியும், உள்ளே செல்கள் நன்றாக இருக்கும். சார்ஜரை ஐந்து நிமிடம் மாட்டிப் பாருங்கள், தூங்கிப்போன பி.எம்.எஸ். பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

— விழிக்கவில்லை என்றால், மூடியைத் திறந்து செல் வரிசையின் மொத்த வோல்ட்டை பி.எம்.எஸ்.ஸுக்கு முன்னால் அளக்க வேண்டும். கையுறையும் பழக்கமும் இருந்தால் மட்டும். உள்ளே சரி, வெளியே இல்லை என்றால் பி.எம்.எஸ். போயிருக்கிறது. உள்ளேயே குறைவு என்றால், கடைசியில் உள்ள "மாதக்கணக்கில் நின்ற வண்டி" பகுதிக்குப் போங்கள்.

உத்தரவாதம் இருக்கும் பேக்கில் மூடி ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். கிழித்த பிறகு கம்பெனியிடம் எதுவும் பேச முடியாது.

## அறிகுறி: சார்ஜ் ஏறவில்லை

சார்ஜர் விளக்கு எரியவே இல்லையா? ப்ளக்கை வேறு பாயிண்டில் போடுங்கள். எஸ்டேட் வீடுகளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். சுவர் பாயிண்டிலேயே அளந்து பாருங்கள். அங்கே சரி என்றால் சார்ஜரின் ஃப்யூஸ்.

விளக்கு பச்சையிலேயே நிற்கிறதா? சார்ஜருக்கும் பேக்குக்கும் தொடர்பு இல்லை என்று அர்த்தம். சார்ஜ் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் வளைந்திருக்கும், கறுத்திருக்கும், அல்லது எறும்பு கூடு கட்டியிருக்கும். சார்ஜர் முனையில் மீட்டர் வைத்து வோல்ட் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள். சில சார்ஜர்கள் எதிரே பேட்டரி வோல்ட் தெரிந்தால்தான் வெளியே விடும். அதே மாடல் இன்னொரு சார்ஜரை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

அவசரத்துக்குப் பழைய ஈய பேட்டரி சார்ஜரை மாட்டுகிறார்கள். "48 வோல்ட்தானே" என்பார்கள். ஈய சார்ஜர் 13 வரிசை என்.எம்.சி.க்கான 54.6-ஐத் தாண்டிப் போகும். நிரம்பிய பிறகும் விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். பி.எம்.எஸ். நன்றாக இருந்தால் வெட்டிவிடும். அது மட்டும்தான் உங்களுக்கும் தீக்கும் நடுவே நிற்கிறது.

விளக்கு சிவப்பில் வந்து சில நிமிடத்தில் பச்சைக்குப் போகிறதா? இரண்டு காரணம். ஒன்று சூடு. செல்களுக்குச் சார்ஜ் எல்லை பொதுவாக 0 முதல் 45 டிகிரி. ஏப்ரல், மே மாதச் சேலத்தில் வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுப் பெட்டிக்குள் அந்த 45 எளிதில் தாண்டும். பி.எம்.எஸ். மறுக்கிறது என்றால் தன் வேலையைச் செய்கிறது. நிழலில் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி போடுங்கள். மலை ஏறி வந்த கையோடு போடும்போதும் இதே கதைதான். முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஏற்காட்டுக் குளிரை நினைத்துப் பயப்பட வேண்டாம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால்தான் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலே உலோகமாகப் படியும். மார்கழியில்கூட ஏற்காடு அந்த அளவுக்கு இறங்காது.

இரண்டாவது காரணம், ஏதோ ஒரு வரிசை மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடுவது. பி.எம்.எஸ். செயலி இருந்தால் வரிசை வாரியாக வோல்ட் தெரியும். சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் வித்தியாசம் 0.03 வோல்ட்டுக்குள் என்றால் நல்ல பேக். 0.1 என்றால் கவனிக்க வேண்டும். 0.3 தாண்டினால் சமநிலை தவறிய பேக், அல்லது செத்துக்கொண்டிருக்கும் வரிசை. எல்.எஃப்.பி.யில் உச்சிக்கு அருகே கொஞ்சம் கூடுதல் வித்தியாசம் சகஜம்.

சார்ஜரிலேயே ஓர் இரவு விட்டால் சமமாகிவிடுமா? கணக்குப் போடுங்கள். 30 ஆம்பியர்-மணி பேக்கில் ஒரு வரிசை பத்து சதவீதம் பின்தங்கினால் இடைவெளி 3 ஆம்பியர்-மணி. சாதாரண பி.எம்.எஸ். சமப்படுத்தும் கரண்ட் 0.05 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். 60 மணி நேரம் ஆகும். ஆள் முன்னிலையில், பகலில், பல நாள் தவணையாகச் செய்தால் பலன் தெரியும். ஒரு வாரம் செய்தும் அதே வரிசையே பின்தங்கினால் அது செல் கோளாறு. பேக் கட்டத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

## அறிகுறி: மலை ஏறும்போது கட் ஆகிறது

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. எங்கே கட் ஆனது, ஆனபின் என்ன ஆயிற்று என்பதுதான் துப்பு.

முதலில், இது கோளாறுதானா? இரண்டு பேரும் வண்டியுமாக 250 கிலோ, 1,100 மீட்டர் உயரம் ஏறினால், உயரத்துக்கு மட்டுமே முக்கால் யூனிட் கரண்ட் ஆகிறது. மோட்டாரிலும், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரிலும் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட். அதற்கு மேல் உருளும் செலவு. 48 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேக்கின் மொத்தக் கொள்ளளவே 1.4 யூனிட். ஜங்ஷனிலிருந்து ஊரைச் சுற்றிவிட்டு அடிவாரம் வந்து இரண்டு பேராக ஏறினால், பாதிக்கு மேல் நின்றுபோவதில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வண்டி அந்த மலைக்கு இல்லை, அவ்வளவுதான்.

வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்து நின்று, பத்து நிமிடத்தில் மறுபடி ஓடினால் சூடு. கன்ட்ரோலரும் மோட்டாரும் தங்களைக் காத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஐந்தாறு வளைவுக்கும் ஒரு முறை நிறுத்தி ஏறுங்கள். குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுவதைவிட, முன்பே கொஞ்சம் வேகமெடுத்து ஏறுவது மோட்டாருக்கு இலகு.

பட்டென்று எல்லாம் அணைந்து, சாவியை அணைத்துப் போட்டதும் வந்தால் பி.எம்.எஸ். வெட்டியிருக்கிறது. இதில் கனெக்டரை முதலில் பாருங்கள். 30 ஆம்பியர் ஓடும்போது ஒரு நல்ல இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் வைத்தால் 0.05 வோல்ட்கூட வரக்கூடாது. 0.3 காட்டினால் அந்த ஒரு பின்னில் மட்டும் 9 வாட் சூடாகப் போகிறது. சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அப்படிப்பட்ட பின்னைக் கழற்றினால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். வெள்ளிப் பூச்சு பழுப்பேறி, வாய்ப்பக்கம் மயில்கழுத்து நிறமாகியிருக்கும். ஸ்பிரிங் தகடு தளர்ந்து விரல் நகத்தால் தள்ளினாலே ஆடும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் வெல்லப்பாகு போல வழிந்து உறைந்திருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது பயனில்லை. பூச்சு போய்விட்டது, ஸ்பிரிங்கும் செத்துவிட்டது. இரண்டு மாதத்தில் திரும்ப வரும். ஆண், பெண் இரண்டு பக்கமும் புதிதாக, சால்டர் இல்லாமல், சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்திப் போட வேண்டும்.

கனெக்டர் நன்றாக இருந்தால், ஏற்றத்தில் பேக் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று டிஸ்பிளேயில் பாருங்கள், பின்னால் உட்கார்ந்தவர் பார்த்தால் நல்லது. 30 ஆம்பியரில் இரண்டு மூன்று வோல்ட் இறங்குவது இயல்பு. ஆறு, ஏழு இறங்கி, ஆக்சிலரேட்டரை விட்டதும் துள்ளி எழுந்தால் ஒரு வரிசை பலவீனம். மற்ற வரிசைகளில் தெம்பு இருந்தாலும் அந்த ஒன்றுக்காக பி.எம்.எஸ். வெட்டிவிடுகிறது. வரிசை மாற்றம் நிபுணர் வேலை. பழைய பேக்கில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் புதுச் செல் போட்டால் சில மாதத்தில் மறுபடி சமநிலை தவறும் என்பதையும் கேட்டுக்கொண்டு பணம் கொடுங்கள்.

உள்ளூரில் கட்டிய பேக் என்றால் செல்களை இணைக்கும் பட்டையையும் சந்தேகப்படலாம். சுத்த நிக்கல் என்று சொல்லி நிக்கல் பூசிய இரும்பைப் போடுவது உண்டு. இரும்புக்குத் தடை அதிகம், சூடாகும். மிச்சப் பட்டைத் துண்டு இருந்தால் உப்புத்தாளில் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் துரு தெரிந்தால் இரும்பு.

## அறிகுறி: இறங்கும்போது கட், அல்லது மோட்டார் பிரேக் பிடிக்கவில்லை

இது மலைக்கே உரிய புகார். சேலத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு வராது.

ஏற்காட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 காட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு காலையில் இறங்குகிறீர்கள். இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குள் தள்ளப் பார்க்கிறது; நிரம்பிய பேட்டரியில் இடமில்லை. நல்ல கன்ட்ரோலர் ரீஜெனை, அதாவது இந்தத் தள்ளலை, நிறுத்திவிடும். வழக்கமாகக் கிடைக்கும் இழுவை திடீரென்று இல்லாமல் போகும். மட்டமான கன்ட்ரோலர் தள்ளிக்கொண்டே இருக்கும். வோல்ட் ஏறி பி.எம்.எஸ். வெட்டும், வளைவின் நடுவே டிஸ்பிளேயும் ஹெட்லைட்டும் சேர்ந்து அணையும். பனிமூட்டத்தில் அது விளையாட்டல்ல.

பழுது பார்க்க எதுவுமில்லை. இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். வண்டியில் வரம்பு வைக்கும் வசதி இல்லாவிட்டால் நேரம் கணக்கிட்டு அணையுங்கள். 80-லும் கட் ஆனால் ஏதோ ஒரு வரிசை மட்டும் முன்னதாக நிரம்புகிறது. "சார்ஜ் ஏறவில்லை" பகுதியில் சமநிலை பற்றிச் சொன்னதற்குத் திரும்பிப் போங்கள். எதுவானாலும் இறங்கும் முன் பிரேக் ஷூவும் பேடும் பாருங்கள். ரீஜெனை நம்பியே ஓட்டியவர்களின் பிரேக் பெரும்பாலும் இறுக்கப்படாமல் கிடக்கும்.

## அறிகுறி: 100 காட்டுகிறது, ஓட்டம் இல்லை, சதவீதம் குதிக்கிறது

டயர் காற்று. அப்புறம், ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் பிரேக் உரசுகிறதா என்று. இந்த இரண்டையும் பார்க்காமல் பேட்டரிக்குப் போக வேண்டாம்.

எல்.எஃப்.பி. பேக்கில் 80-லிருந்து 20-க்கு நேரே விழுவது பெரும்பாலும் கணக்குப் பிழை. இந்த வகைச் செல் வோல்ட் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய 3.3-லேயே நிற்கும், எவ்வளவு மிச்சம் என்று வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. தினமும் 40-லிருந்து 70 வரை மட்டும் போட்டு ஓட்டினால் பி.எம்.எஸ். கணக்கு வழி தவறிவிடும். வாரம் ஒரு முறை முழுதாக 100 வரை ஏற்றி, பச்சை விளக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் விடுங்கள். என்.எம்.சி.க்கு நேர் எதிர்: தினமும் 100-இல் நிறுத்தி வெயிலில் வைத்தால் சீக்கிரம் தேயும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் பழையதில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதென்றால் தேய்மானம். செல்லுக்குள் லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தோடு சேர்ந்து கிராஃபைட் மேல் படலமாக உறைந்துவிடுகிறது. சூடு கூடக்கூட அந்த வேகம் கூடும். அது திரும்பாது. "பேட்டரிக்குப் புத்துயிர்" என்று விளம்பரம் செய்பவர்களிடம், ஈய பேட்டரியின் சல்பேட்டைக் கரைக்கும் பல்ஸ் கருவியை லித்தியத்துக்கும் மாட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கிளம்பிவிடுங்கள்.

## அறிகுறி: மழைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ பிறகு கோளாறு

ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து வரும் வண்டிகளும், பிரஷர் வாட்டர் அடித்த மறுநாள் வரும் வண்டிகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டியை அணைத்து, எம்.சி.பி.யை இறக்கி, பேக்கை எடுங்கள். நனைந்த பேக்கை "காய்ஞ்சா சரியாயிடும்" என்று சார்ஜ் போட்டுப் பார்ப்பதுதான் மிக மோசமான சோதனை.

பேக்கின் வெளி உடம்பு உலோகம் என்றால் ஒரு சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் சுரண்டிய உலோகத்தில் வைத்து, மறுமுனையை பாசிட்டிவிலும் பிறகு நெகட்டிவிலும் வையுங்கள். முதலில் ஏதோ வோல்ட் காட்டி மெல்லச் சரிந்தால் பரவாயில்லை. அது மீட்டரின் மாயம். பத்து இருபது வோல்ட் அசையாமல் நின்றால் உள்ளே கசிவு. ஈரம் பாலம் போட்டிருக்கிறது.

கனெக்டர்களில் மட்டும் ஈரம் என்றால் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஒரு நாள் காற்றாட விட்டு மாட்டலாம். பச்சைப் பொடி தெரிந்தால் செம்பு அரித்திருக்கிறது. அந்த முனை மாற்ற வேண்டும். மூடியைத் திறந்ததும் பி.எம்.எஸ். அட்டையில் நீர்க்கோடு, செல் முனைகளைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை மாதிரிப் படிவு தெரிந்தால் மூடிவிடுங்கள். அதோடு காரமான வாசனையும் இருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் அறிகுறிக்குப் போய்விட்டீர்கள். மின் இரு சக்கர வண்டி பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.156 விதிகளின் கடுமையான திருத்தம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக வந்தது. அதற்கு முன் வாங்கிய பேக்கில் மழையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: ரிமோட் சாவி வேலை செய்யவில்லை

சி.ஆர்.2032 நாணயச் செல். புதிதில் 3.2 வோல்ட், 2.8-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். இதற்குள் இருப்பது அசல் உலோக லித்தியம், பத்தில் ஒரு கிராம் அளவு. சார்ஜ் செய்யக்கூடியது அல்ல. பழைய செல்லை மேஜையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், தீர்ந்த செல்லில் மிச்சமிருக்கும் கரண்டே எச்சிலைக் காரமாக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

## அறிகுறி: மாதக்கணக்கில் நின்ற வண்டி, சார்ஜர் ஏற்க மறுக்கிறது

எஸ்டேட் பங்களாக்களிலும், வெளிநாடு போனவர் வீட்டிலும் நிற்கும் வண்டி. என்.எம்.சி. பேக்கில் செல்லுக்கு 2.8 வோல்ட் அளவில் பி.எம்.எஸ். கதவைச் சாத்தும். 13 வரிசையில் அது 36.4. அதற்குப் பிறகும் பி.எம்.எஸ். தனக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி.

செல் வரிசையை நேராக அளந்து, ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

2.5-க்கு மேல்: சரியான சார்ஜரே போதும், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

2.5-க்கும் 2.0-க்கும் நடுவே: கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 30 ஆம்பியர்-மணிக்கு 1.5 ஆம்பியரில், 3 வோல்ட் வரும்வரை மெல்ல ஏற்ற வேண்டும். கரண்டைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை உள்ள பட்டறையில், வரிசை வரிசையாக வோல்ட் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை அது.

2.0-க்குக் கீழே எந்த வரிசை இருந்தாலும்: விட்டுவிடுங்கள். அந்த ஆழத்தில் கிராஃபைட்டைத் தாங்கும் செம்புத் தகடே திரவத்தில் கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் போட்டால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் முள் முள்ளாகப் படிந்து உள்ஷார்ட் ஆகும். பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாக இரண்டு வயரைக் கொடுத்து "தட்டி எழுப்பும்" பேக்குகள் ஒரு வாரம் நன்றாகவே ஓடும். தீப்பிடிப்பது அதற்குப் பிறகு, பெரும்பாலும் சார்ஜில் இருக்கும்போது.

அப்படிப்பட்ட பேக்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்தான் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். வாங்கிய டீலரிடமே கொடுத்து ரசீது கேளுங்கள். கொடுக்கும் வரை முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, வீட்டுக்கு வெளியே, மழை படாத தகரக் கொட்டகையில் வையுங்கள்.

நல்ல பேக் உள்ள வண்டியை நிறுத்திவிட்டுப் போவதானால் பாதி சார்ஜில் விடுங்கள். 13 வரிசை என்.எம்.சி.யில் 48.5 வோல்ட் வாக்கில். எம்.சி.பி.யை இறக்குங்கள். கழற்றும் பேக் என்றால் கழற்றி, நிழலான அறையில். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லி, எந்தச் சார்ஜர் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.